வெளிநாட்டில் சிறுவர் ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுக்குப் போய்ச் சிறுவர்களிடையே ஊழியம் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன பாட்டு, என்ன கதை, என்ன விளையாட்டு என்பதுதான். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. நாம் திரும்பி வந்த பிறகு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கப்போவது யார் என்பதே முதல் கேள்வி. இரண்டு வாரத்துக்குப் போகிறவருக்கும் பத்து ஆண்டு தங்கப்போகிறவருக்கும் இது பொருந்தும். ஏதோ ஒரு நாள் இருவருமே விமானம் ஏறுவார்கள். பிள்ளை அங்கேயே இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் உண்டு, அக்கம்பக்கத்தார் உண்டு, பல இடங்களில் ஒரு சிறிய சபையும் அதில் ஞாயிறுதோறும் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியையும் உண்டு. உங்கள் வருகையால் அந்த ஆசிரியையின் வேலை எளிதாக வேண்டுமே தவிர, கடினமாகிவிடக் கூடாது. இங்கே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வந்தவை.

கூப்பிட்டவர் யார்?

சபைகளில் 'அழைப்பு' என்றால் ஊழியத்துக்கென்று ஒருவர் தம் உள்ளத்தில் உணரும் ஏவுதல் என்றே பொருள்கொள்கிறோம். எல்லை தாண்டிப் போகிறவருக்கு அந்தச் சொல்லின் சாதாரணப் பொருளும் நிறைவேற வேண்டும். அந்த ஊரில் இருக்கும் ஒருவர், இன்ன வேலைக்கு ஆள் வேண்டும், வாருங்கள் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டவர் அந்த ஊர்ச் சபையாக இருக்கலாம், பல நாடுகளில் கிளையுள்ள ஓர் ஊழிய அமைப்பாக இருக்கலாம், ஒரு பள்ளியாகவும் இருக்கலாம். யாருமே கூப்பிடாமல் நீங்களாகவே ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டு, பயணச்சீட்டு வாங்கிய பிறகு அங்கே ஒரு போதகரைத் தேடுகிறீர்கள் என்றால், வரிசை தலைகீழாகிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

கூப்பிட்டவர்களுக்கு எழுதும் முதல் கடிதத்தில் உங்கள் திட்டத்தை விவரிக்காதீர்கள். கேள்விகளை மட்டும் அனுப்புங்கள். வாரந்தோறும் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் எந்த வயதினர், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், பள்ளியில் என்ன மொழியில் படிக்கிறார்கள், பாடம் நடத்துகிறவர்கள் யார், பிள்ளைகள் வருவது பெற்றோருக்குத் தெரியுமா, பள்ளி விடுமுறை எப்போது, இதற்கு முன் வந்த குழுக்கள் என்ன செய்தார்கள், அதில் எது வேண்டாமென்று தோன்றியது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு அதிகமாகப் பயன்படும். விருந்தாளியிடம் குறை சொல்ல எவரும் தயங்குவார்கள் என்பதால் அதைப் பணிவோடு இரண்டு முறையாவது கேட்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் நீங்களே வந்து செய்யுங்கள் என்று மட்டும் ஒரு பதில் வந்தால், அங்கே பொறுப்பேற்றிருப்பவர் ஒருவரும் இல்லையோ என்று விசாரியுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவதைவிட, அந்த ஊர்க்காரர் இருவருக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவது பெரிய உதவி.

பெரிய ஏற்பாடுகள் வேண்டும் என்பதில்லை. 1868-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் லண்டுட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று எழுதி, அந்த எழுத்துகளைக் கூழாங்கற்களாலும் கிளிஞ்சல்களாலும் அலங்கரிக்கும்படி அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டார். பிள்ளைகளிடையே வேதாகம ஊழியம் செய்யும் ஸ்கிரிப்சர் யூனியன் என்ற அமைப்பின் தொடக்க கால வரலாற்றில் இந்தக் காட்சிக்கு நிலையான இடம் உண்டு. அவர் கொண்டுபோன கருவி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அந்தப் பிள்ளைகளின் மொழியைப் பேசினார், அவர்களுடைய பெற்றோர் பார்க்கும்படியான திறந்த இடத்தில் நின்றார். இன்று வெளிநாடு போகிறவருக்கு இந்த இரண்டும் தாமாகக் கிடைப்பதில்லை.

சட்டமும் பெற்றோரின் சம்மதமும்

நீங்கள் போகும் நாட்டில் மதப் பிரசாரம் பற்றியும், குறிப்பாக பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடையே செய்யும் பிரசாரம் பற்றியும், சட்டம் என்ன சொல்கிறது என்பதை அந்நாட்டு வழக்கறிஞர் அல்லது அங்கே பதிவுபெற்ற அமைப்பு வழியாக எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு வேறுபாடு மிகப் பெரிது. நேபாளத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின்படி ஒருவரை மதம் மாற்றுவதும் அதற்கு ஊக்குவிப்பதும் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குற்றவாளி வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பிறகு நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். சீனாவில் வெளிநாட்டவர் அந்நாட்டுக் குடிமக்களிடையே மிஷனெரிப் பணி செய்வதை 1994-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. ரஷ்யாவில் 2016-இல் வந்த திருத்தங்கள் மிஷனெரிப் பணியை, பதிவுபெற்ற அமைப்பின் அனுமதிக் கடிதம் உள்ளவர்களுக்கும் குறிப்பிட்ட இடங்களுக்கும் மட்டுமென்று சுருக்கின. கிரேக்க நாட்டின் அரசியல் சட்டமே மதமாற்ற முயற்சியைத் தடை செய்கிறது. வேறு பல நாடுகளில் இப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. ஆனாலும் சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்வது அங்கேயும் விசா விதியை மீறுவதாகவே இருக்கக்கூடும்.

விசா விண்ணப்பத்தில் பொய் சொல்வதை விசுவாசத்தின் துணிச்சலாக நினைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொய் வெளிப்பட்டால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திரும்பும் விமானத்தில் ஓர் இருக்கை. உங்களைத் தங்கவைத்த போதகருக்கும், கூடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும் கிடைப்பது விசாரணையும் வழக்கும். இப்படிப்பட்ட நாடுகளில் எதைச் செய்வது, எதைச் செய்யாமலிருப்பது என்று தீர்மானிக்கும் உரிமை, விலைகொடுக்கப்போகிற அந்த ஊர் விசுவாசிகளுக்கே உண்டு.

சட்டம் அனுமதிக்கும் நாட்டிலும் பெற்றோரைத் தாண்டிப் பிள்ளையிடம் போகக் கூடாது. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு, பிள்ளைக்குச் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்தரம் உண்டென்று சொல்லி, பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப அதை வழிநடத்தும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் அதே பிரிவில் சேர்த்துச் சொல்கிறது. நடைமுறையில் இது ஒரு தாள். நிகழ்ச்சி கிறிஸ்தவ நிகழ்ச்சி என்பதையும், வேதாகமக் கதைகள் சொல்லப்படும் என்பதையும், நாள், நேரம், பொறுப்பாளர் யார் என்பதையும், படம் எடுக்கப்படுமா என்பதையும் பெற்றோர் வாசிக்கும் மொழியில் அச்சிட்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ பெறுவது. ஆங்கில வகுப்பு என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்து கதை சொல்வது ஏமாற்று. அது ஒருமுறை தெரிந்துவிட்டால் அந்தத் தெருவில் அதன்பின் எந்தக் கதவும் திறக்காது.

பிள்ளைகளின் பாதுகாப்பு

கதையும் பாட்டும் சுமாராக இருந்தாலும் ஒரு முகாம் நடந்து முடிந்துவிடும். இந்தப் பகுதியில் தவறினால் அப்படி முடியாது. சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி இயேசு சொன்னதை நாம் பிறரைப் பற்றிப் பேசும்போதே அதிகம் எடுத்தாள்கிறோம். பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பைத் தேடி ஊழியத்துக்குள் நுழைகிற தீயவர்கள் உண்டு என்பதும், மேற்பார்வை குறைந்த தொலைதூர இடங்களை அவர்கள் விரும்புகிறார்கள் என்பதும் பல நாட்டு நீதிமன்றங்களில் நிரூபணமாகியிருக்கிறது. ஆகையால் அவரை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும் என்பது யாருக்கும் சான்றிதழ் ஆகாது. குழுவில் போகும் ஒவ்வொருவரும் காவல்துறை நன்னடத்தைச் சான்று பெற வேண்டும். உறவினர் அல்லாத இருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். பரிந்துரைத்தவரிடம் தொலைபேசியில் பேசவும் வேண்டும், ஏனென்றால் எழுதத் தயங்குவதைச் சிலர் பேச்சில் சொல்லிவிடுவார்கள்.

களத்தில் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதி, எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கக் கூடாது என்பது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். முடிந்தால் அவர்களில் ஒருவர் அந்த ஊர்க்காரர். சிறு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப்போகும்போதும், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தும்போதும், வாலிபன் ஒருவன் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும்போதும் இதே விதிதான். தனியாகப் பேசலாம், ஆனால் மற்றவர்கள் பார்க்கும்படியான இடத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில். மடியில் தூக்கி வைத்துக்கொள்வது, முத்தமிடுவது, அடிப்பது, மிரட்டுவது எதுவும் கூடாது. அந்த ஊரில் பெரியவர்கள் பிள்ளைகளை அடிப்பது வழக்கமாக இருந்தாலும் உங்களுக்கு அது கூடாது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை உங்களிடம் சொல்லக்கூடும். வெளியாள் என்பதாலேயே சில பிள்ளைகள் துணிந்து சொல்வார்கள். அப்போது அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள்; துருவித் துருவிக் கேட்காதீர்கள்; யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன சொற்களை அன்றைக்கே அப்படியே எழுதிவைத்து, புறப்படும் முன்பே நியமிக்கப்பட்ட பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அந்நாட்டுச் சட்டத்தில் யாருக்கு, எப்போது உண்டு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி ஒருவர் தடுத்தால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் புறப்படும் முன்பே தீர்மானியுங்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டாம். பெயர், பள்ளி, ஊர் ஆகியவற்றை ஒருபோதும் படத்தோடு சேர்த்து வெளியிட வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடி உள்ள நாட்டில் ஒரு பிள்ளை ஜெபிக்கும் படம் இணையத்தில் ஏறினால், அந்தக் குடும்பத்துக்கு எதிரான ஆதாரத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். உங்கள் பிள்ளையின் படத்தை அந்தக் கோலத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து, தம் ஊரில் காணிக்கை கேட்கக் காட்டினால் சம்மதிப்பீர்களா என்று யோசித்தால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

அனாதை இல்லங்களுக்குப் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் தி சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பு 2009-இல் எழுதியது. வறுமையே அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. சில இடங்களில், வந்துபோகும் வெளிநாட்டவர் தரும் நன்கொடைக்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது, இப்படி ஆதாயத்துக்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் அந்த அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. இரண்டு வாரம் ஒட்டி உறவாடிவிட்டுப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஆறு முறை மாறி மாறி வந்தால், அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆறு முறை பிரிவைத் தாங்க வேண்டும். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு ஹைட்டியில் நடந்தது சாட்சி. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, உரிய ஆவணம் இல்லாமல் 33 பிள்ளைகளை எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்கு அழைத்துப்போக முயன்ற பத்து அமெரிக்க மிஷன் ஊழியர்கள் கைதானார்கள். அனாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

இதைவிடவும் பழைய, பெரிய பாடம் ஒன்று உண்டு. கனடாவில் திருச்சபைகள் அரசுக்காக நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தாய்மொழி அங்கே தடைசெய்யப்பட்டது. அந்நாட்டின் உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2015-இல் அதைப் பண்பாட்டு இனஅழிப்பு என்றது. பிள்ளையின் வீட்டையும் மொழியையும் ஒதுக்கிவிட்டுச் செய்யும் ஊழியம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கதை சொல்லுதல்

மொழிபெயர்ப்பாளரோடு கதை சொல்லும்போது இருபது நிமிடக் கதை நாற்பது நிமிடமாகும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது அதிகம். ஆகவே கதையைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். வாக்கியம் முழுமையாக இருக்கட்டும், 'அப்பொழுது அவன்...' என்று தொங்கவிட்டு நிறுத்தினால், வினைச்சொல் எங்கே வருமென்று மொழிக்கு மொழி மாறுவதால் மொழிபெயர்ப்பவர் திணறுவார். சொல் விளையாட்டு, பழமொழி, எதுகை மோனை மொழி தாண்டாது. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுங்கள். முந்தின நாள் மாலையிலேயே அவரோடு உட்கார்ந்து முழுக் கதையையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இரண்டாவது நாளில் அவர் உங்களைவிட நன்றாகச் சொல்வதைக் கண்டால், மூன்றாவது நாள் அவரே சொல்லட்டும்.

கதைப் பட்டியலை முன்கூட்டியே அந்த ஊர் ஆசிரியையிடம் காட்ட வேண்டும் என்பதை நான் தவறு செய்து கற்றேன். கடலோரச் சிற்றூர் ஒன்றில், இயேசு புயலை அமர்த்திய கதையை எடுத்தேன். நீலத் துணி ஒன்றை இருபுறமும் பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லி அலைபோல ஆட்டவைத்து, அதன்மேல் காகிதப் படகு ஒன்றை மிதக்கவிட்டேன். மற்ற ஊர்களில் இந்த இடத்தில் கூச்சல் கூரையைத் தூக்கும். அங்கே படகு கவிழப்போகிற நேரத்தில் துணியின் ஆட்டம் மெதுவாகி நின்றுவிட்டது. பிள்ளைகள் துணியைப் பிடித்தபடியே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இரு சிறுவர்களைப் பார்த்தார்கள். அந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன் கடலுக்குப் போன அவர்களுடைய தகப்பனின் படகு திரும்பவில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார். நான் அவசரமாகக் கதையை முடித்தேன். ஆசிரியை எழுந்து அந்த இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் சொன்னதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காட்சிப் பொருள்களிலும் இதே கவனம் வேண்டும். சொற்கள் இல்லாமல் வண்ணத் தாள்களைக் காட்டியே சுவிசேஷத்தைச் சொல்லும் 'எழுத்தில்லாப் புத்தகம்' என்ற முறை, 1866-இல் லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் செய்த பிரசங்கத்திலிருந்து வந்தது. அவர் கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்றை மட்டும் சொன்னார். 1875-இல் அமெரிக்கச் சுவிசேஷகர் டி. எல். மூடி பொன்னிறத்தைச் சேர்த்தார். பச்சை பிறகு வந்தது. எளிதானது, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரிவது. ஆனால் கறுநிறப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் கறுப்பு பாவம், வெள்ளை பரிசுத்தம் என்று சொன்னால் அவர்கள் காதில் விழுவது வேறு செய்தி. சீனப் பண்பாட்டில் வெள்ளை துக்கத்தின் நிறம், சிவப்பு மங்கலத்தின் நிறம். இந்த முறையைப் பயன்படுத்துகிறவர்கள் 'இருள்', 'சுத்தம்' என்ற சொற்களைக்கொண்டு விளக்குவது நல்லது. அந்த ஊர்க்காரர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவது அதைவிட நல்லது.

பாட்டுகளைப் பொறுத்தவரை, அவர்கள் ஏற்கெனவே பாடும் பாட்டுகளில் இரண்டைப் புறப்படும் முன்பே கற்றுக்கொண்டு போங்கள். உச்சரிப்புத் தவறிப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற அந்த ஐந்து நிமிடம், நீங்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற ஒரு மணி நேரத்துக்கு வழி திறக்கும்.

கை உயர்த்தச் சொல்வது

அறிக்கையில் எழுதுவதற்கு எண்ணிக்கை வேண்டும் என்ற ஆசை இந்த ஊழியத்தின் பெரிய சோதனை. மூன்றாவது நாள், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்று சொன்னால் நாற்பது பிள்ளைகளும் கை உயர்த்துவார்கள். மறுநாள் கேட்டாலும் அதே நாற்பது கை உயரும். பெரியவர் ஒருவர் ஆவலோடு கேட்கும்போது மறுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, வேறு என்ன செய்யும்? பக்கத்துப் பிள்ளை உயர்த்தியதால் உயர்த்துகிற பிள்ளையும் உண்டு, விளையாட்டு சீக்கிரம் தொடங்கட்டும் என்று உயர்த்துகிற பிள்ளையும் உண்டு. நரகத்தின் பயத்தைக் காட்டி அழவைத்து வாங்கும் தீர்மானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது பயம், விசுவாசம் அல்ல.

கூட்டத்தில் கேட்காமல், இதைப் பற்றி மேலும் பேச விரும்புகிறவர்கள் பாடத்துக்குப் பிறகு ஆசிரியையிடம் வரலாம் என்று சொல்லிவிடுவது நல்ல முறை. வருகிறவர்கள் மூன்று பேராக இருப்பார்கள். அந்த மூன்று பேருக்கும் உண்மையான கேள்வி இருக்கும். அந்தப் பேச்சை ஆசிரியையே நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஞானஸ்நானம், சபையில் சேர்த்தல் போன்றவை அந்த ஊர்ச் சபையும் பெற்றோரும் காலம் எடுத்துத் தீர்மானிக்க வேண்டியவை. வந்துபோகிறவர் அதில் கை வைக்கக் கூடாது.

வாலிபர்கள்

பதிமூன்று வயதைத் தாண்டியவர்களிடம் கைப்பாவை எடுபடாது. அவர்கள் உங்கள் பாடத்தைவிட உங்களையே கவனிப்பார்கள்: குழுவில் ஒருவருக்கொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள், சமைத்துப் போடுகிறவரை எப்படி நடத்துகிறீர்கள், விளையாட்டில் தோற்றால் என்ன செய்கிறீர்கள் என்று. நல்லவர் ஏன் துன்பப்படுகிறார், என் பாட்டி விசுவாசியாகாமலே இறந்தார், அவர் எங்கே இருக்கிறார் என்றெல்லாம் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மனப்பாடமாக வைத்திருக்கும் பதிலை ஒரு வாலிபன் உடனே கண்டுபிடித்துவிடுவான். பேசவைக்க முயல்வதைவிடச் சேர்ந்து ஒரு வேலை செய்வது பயன் தரும். கூடத்துக்கு வண்ணம் பூசும்போதும், சிறுவர் முகாமுக்கு அவர்களே தலைவர்களாக இருந்து விளையாட்டு நடத்தும்போதும் பேச்சு தானாக வரும். சொல்லப்போனால் பதினைந்து, பதினாறு வயதினரைச் சிறுவர் ஊழியத்தின் உதவியாளர்களாகப் பயிற்றுவிப்பதே குறுகிய காலம் போகிறவர் செய்யக்கூடிய வேலைகளில் சிறந்தது. நீங்கள் போன பிறகும் அவர்கள் அங்கே இருப்பார்கள்.

கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்து வாலிபர் ஒருவர் விசுவாசத்துக்கு வர விரும்பினால், வீட்டில் அவருக்கு என்ன நேரும் என்பதை அந்த ஊர்ப் போதகரோடு முதலில் பேசுங்கள். சில வீடுகளில் அதன் விலை படிப்பு, சில வீடுகளில் கூரையே. பெற்றோருக்குத் தெரியாமல் வைத்துக்கொள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளப்போவதில்லை.

பதின்வயதினரோடு தனிப்பட்ட செய்தி பரிமாற்றம் வேண்டாம். அவர்கள் உங்கள் எண்ணைக் கேட்பார்கள். சபையின் வாலிபத் தலைவர் இருக்கும் பொதுக் குழுவின் எண்ணைக் கொடுங்கள். ஆண் பிள்ளைகளோடு ஆண்களும் பெண் பிள்ளைகளோடு பெண்களும் பேசுவது எல்லா ஊரிலும் பாதுகாப்பான வழக்கம். உங்கள் நாட்டில் படிக்க உதவுவீர்களா என்ற கேள்வி நிச்சயமாக வரும். பார்க்கலாம் என்ற இரக்கமான பதில்தான் அங்கே மிகக் கொடியது, அந்தப் பிள்ளை பல ஆண்டு காத்திருக்கும்.

பரிசும் பணமும்

முப்பது வண்ணப் பென்சில் பெட்டிகளோடு போன இடத்தில் நாற்பத்தேழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெட்டி கிடைக்காத பதினேழு பேரின் தாய்மார்களுக்குப் பதில் சொன்னது நான் அல்ல. அந்த வாரம் முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பேசியது அங்கே இருந்த ஆசிரியை. அதன்பின் பரிசுப் பொருள் எதையும் நேராகப் பிள்ளையின் கையில் கொடுப்பதில்லை. சபையிடமோ பள்ளியிடமோ கொடுத்து, அவர்கள் தங்கள் முறைப்படி, தங்கள் பெயரால் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இதில் நல்லொழுக்கத்தோடு சட்டமும் சேர்ந்திருக்கிறது. கிரேக்க நாட்டில் கைதான, 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற சமயக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் 1993-இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்வதையும் முறையற்ற மதமாற்ற முயற்சியையும் வேறு வேறாகப் பிரித்தது. பொருளோ சமூக ஆதாயமோ காட்டி ஆள் சேர்ப்பதும், துன்பத்திலும் தேவையிலும் இருப்பவர்மேல் நெருக்கடி கொடுப்பதும் இரண்டாவது வகைக்கு அது எடுத்துக்காட்டியவை. பசியோடு வரும் பிள்ளைக்கு உதவி செய்யுங்கள். ஆனால் பாடத்துக்கு உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அந்த உதவி கிடைக்க வேண்டும். ஜெபத்துக்குத் தலை குனிந்த பிள்ளைக்கு மட்டும் பரிசு என்றால் அது கொள்முதல்.

நீண்ட காலம் தங்குகிறவர்கள்

ஆண்டுக்கணக்கில் தங்குகிறவர் முதல் ஆண்டை மொழிக்கே கொடுக்க வேண்டும். அந்த ஆண்டில் வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆதரவாளர்களுக்கு அதை முன்பே சொல்லிவையுங்கள். மொழி கற்கச் சிறு பிள்ளைகளே நல்ல ஆசிரியர்கள், அவர்கள் தவறைத் தயங்காமல் திருத்துவார்கள். அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் தமிழைக் கற்று, தமிழ்நாட்டின் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்து, 1951-இல் அங்கேயே இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1940-இல் சீனாவில் போரின் நடுவே ஏறத்தாழ நூறு பிள்ளைகளை மலை கடந்து அழைத்துச் சென்ற ஆங்கிலேய மிஷனெரி கிளாடிஸ் ஐல்வர்ட் அதற்கு முன்பே சீனக் குடியுரிமை பெற்றிருந்தார். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்தவர்கள், இவர் போய்விட மாட்டார் என்று அறிந்தே ஒப்படைத்தார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளின் பள்ளி, நட்பு, மொழி ஆகியவற்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஊரார் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட்டு வரும் மிஷனெரியின் பிள்ளை, வீட்டில் கதை கேட்காமல் தூங்கிப்போவது அரிதான காட்சி அல்ல. தடுப்பூசி, மருத்துவக் காப்பீடு, அவசரத் தொடர்பு எண்கள் ஆகியவற்றை அனுப்பும் அமைப்பே பட்டியலிட்டுக் கொடுக்கும், அதன்படி செய்தால் போதும்.

புறப்படுதல்

எப்போது போகப்போகிறோம் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் திடீரென்று சொல்லி எல்லோரையும் அழவைப்பது சிலருக்கு ஊழியத்தின் உச்சமாகத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டும் வருவேன் என்று, பயணச்சீட்டு கையில் இல்லாமல் சொல்லாதீர்கள். பாடப் படங்கள், துணி, பாட்டுத் தாள் எல்லாவற்றையும் ஆசிரியைக்கு விட்டுவிட்டு வாருங்கள். அவர் மொழியில் பெயரெழுதி, வரிசைப்படுத்தி விட்டுவாருங்கள். அனுப்பிய சபையில் அறிக்கை வாசிக்கும்போது பிள்ளைகளின் பெயரும் குடும்பக் கதையும் வேண்டாம். அந்த ஆசிரியையின் வேலையைப் பற்றிப் பேசுங்கள். அதைக் கேட்டு உதவ விரும்புகிறவர்கள் அவருக்கு உதவட்டும்.

கடைசி நாள் பாடத்தை நீங்கள் நடத்தாதீர்கள். ஆசிரியை முன்னால் நிற்கட்டும். நீங்கள் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள், முடிந்தால் கடைசி வரிசையில். கதையில் பாதி உங்களுக்குப் புரியாது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை உங்கள் காதருகே வந்து, தெரிந்த நான்கு சொற்களைக்கொண்டு அதை உங்களுக்கு விளக்கிச் சொல்லும்.